மெட்டு ஊருடையது, உரிமை கம்பெனியுடையதா?
இணையத்தில் தனியாகப் பாடுகிறவர்களை இசை நிறுவனங்கள் இப்போது அரவணைக்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது, எங்கள் அனுபவம் அப்படி இல்லை. கோத்தகிரிப் பக்கம் படுகர் ஊரான எங்கள் ஹட்டியில், ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குப் பாட்டி பாடும் பழைய படுகப் பாட்டைத் தம்பி திண்ணையில் உட்கார்ந்து போனிலேயே பதிவு செய்து யூடியூபில் போட்டான், தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்கூட அதில் கேட்கும். மூன்றாம் நாளே ஒரு கேசட் கம்பெனி உரிமை கோரியது, விளம்பர வருமானம் அவர்களுக்காம். அவர்கள் செய்ததெல்லாம் அதே மெட்டை எப்போதோ கேசட்டில் போட்டதுதான். உரிமை கோரல்களைக் கையாளும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் ஆட்சேபம் போட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம், அதற்குள் ஹப்பா முடிந்து கேட்கிறவர்களும் போய்விடுவார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இருக்கிறதே என்கிறார். சரி, அது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு தருகிறது, நல்ல சட்டம்தான், ஆனால் யார் கட்டியது என்றே தெரியாத ஊர்ப்பாட்டுக்கு அங்கே யார் பெயரை எழுதுவது? பாட்டியின் பெயரையா, அவர் அம்மாவின் பெயரையா? தம்பி ஆட்சேபத்தை இன்னும் வாபஸ் வாங்கவில்லை, வாங்கவும் விடமாட்டேன்.