அந்த 40 சதவீதம் எதைச் சொல்கிறது?

கோடைக் கடைசியில் சமவெளிக் கிராமங்களில் "மாலையில் இடியுடன் மழைக்கு 40 சதவீத வாய்ப்பு" என்று இடிமழை பற்றிய உங்கள் கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். சரி, ஆனால் பாதிப் பேர் இதைப் பகலில் 40 சதவீத நேரம் மழை என்று படிக்கிறார்கள். நாம் நிற்கிற இடத்தில் மழை விழப் பத்துக்கு நாலு வாய்ப்பு, அவ்வளவுதான். பக்கத்து வயல் நனைந்து நம் வயல் காய்ந்து கிடந்தால் முன்னறிவிப்பைத் திட்டிப் பயனில்லை. தனி இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும்.

மழைக்கு முன்னால் வரும் காற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லையே! புழுக்கத்தில் இலை கூட அசையாமல் இருக்கும், திடீரென்று சில்லென்ற காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மழைத்துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து இறங்கி, தரையில் மோதி நாலாபக்கமும் பாய்வதுதான் அது. வைக்கோல் போரின் மேல் போட்ட தார்ப்பாய் பறப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

அப்புறம் மின்னல். பளிச்சென்றதும் எண்ணுங்கள்: இடி கேட்க மூன்று நொடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனால் இடி காதில் விழுந்தாலே, தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். மரத்தடிக்கு ஓடாமல் வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். நான் ஒருமுறை பத்தே நிமிடத்தில் பொறுமையிழந்து வாசலுக்கு வந்தேன். அடுத்தது எதிரே வேலிக்கம்பத்தில் இறங்கியது.