லயத்து ஆட்கள் மேல் பழி போடாதீர்கள்

அந்தக் குரல் பதிவு எனக்கும் வந்தது. ஹட்டன் பக்கத்து குரூப் எல்லாவற்றிலும் அதுதான் சுற்றுகிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற எங்களைப் பற்றித்தான் பேச்சு. "மருந்துக்கு அடங்காத சீழ்க்கட்டி லயத்து ஆட்களின் அழுக்கால்தான் வருகிறது" என்று ஆற அமரச் சொல்கிறார். யாரென்று உங்களுக்கே தெரியும், பெயர் எழுத மாட்டேன்.

அழுக்கால் இந்தக் கிருமி பிறப்பதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஸ்டெபிலோகொக்கஸ் ஒரியஸ், சுருக்கமாக ஸ்டெப், என்ற இந்தக் கிருமி ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவரின் மூக்கில் சும்மாவே குடியிருக்கிறது. பங்களாக்காரர் மூக்கிலும்தான். அதைக் கொல்ல மெதிசிலின் என்ற அன்டிபயோடிக் 1959இல் வந்தது. 1961இல் இங்கிலாந்தில் அதற்கு அடங்காத வகையைக் கண்டுவிட்டார்கள். கிருமி தன் சுவரைக் கட்டும் புரதத்தை முடக்கித்தான் இந்த வகை மருந்துகள் அதைக் கொல்லும். மெக்-ஏ என்ற மரபணு உள்ள கிருமி வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. அதில் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. மற்றதெல்லாம் சாக, இது மட்டும் பெருகுகிறது. இதில் லயம் எங்கே வந்தது?

நியூயோர்க்கில், வடக்கு மன்ஹாட்டன் பக்கம், நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டிலும் மெதிசிலினுக்கு அடங்காத இதே கிருமியின் யூஎஸ்ஏ300 என்ற வகையை எடுத்து அதன் மரபணு முழுவதையும் வாசித்தார்கள். 2014இல் முடிவு வந்தது. ஒரே வீட்டில் எடுத்தவை பெரும்பாலும் நெருங்கிய சொந்தம். வீடுகளில் தங்கித்தான் அது ஊருக்குள் பரவியிருக்கிறது. அங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் யாரும் இல்லை.

"அப்போ லயத்தில் பரவாதா?" என்பீர்கள். பரவும். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்து, எல்லாரும் ஒரே துவாயில் துடைத்தால் பரவத்தான் செய்யும். அந்தக் காம்பராவை நாங்களா ஆசைப்பட்டுக் கட்டினோம்?

என் அக்காவுக்கு அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணானது. கணுக்கால் சிவந்து, தொட்டால் சுட்டது. டவுன் பார்மசியில் சீட்டே கேட்காமல் அமொக்சிசிலின் கெப்சூலைப் பிய்த்து, காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டெப் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்தை உடைத்துப் போடும் நொதி வைத்திருக்கின்றன. புண் ஆறவில்லை. கடைசியில் ஆசுபத்திரியில் கீறிச் சீழ் எடுத்து, எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பி, சரியான மருந்து கொடுத்தார்கள். அந்த டொக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதே வாட்டில் ஒருவர், அக்கா காதுபடவே, "தோட்டத்து ஆட்கள் குளிக்கிறதே இல்லை" என்றார். மழையில் நனைந்து மலையேறி, இறங்கி வந்து தினமும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற மனுஷி அவள். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

"சீட்டு இல்லாமல் வாங்கியது அவள் பிழைதானே?" ஆசுபத்திரி வரிசையில் நின்றால் அன்றைய பேர் விழாது, சம்பளம் இல்லை. சீட்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவளைக் கேட்கிறீர்கள்.

கை கழுவ வேண்டும், துவாயைத் தனியாக வைக்க வேண்டும், புண்ணை மூடிக் கட்ட வேண்டும். எல்லாம் சரி, நானும் வீட்டில் சொல்கிறேன். எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு பைப். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிற நேரம் அதில் தண்ணீர் நூலாகத்தான் வரும். எங்களுக்குச் சுத்தம் சொல்லித்தர வருகிறவர்கள், முதலில் தோட்ட ஒபிசுக்குப் போய் அந்தப் பைப்பைப் பற்றி எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.