பக்கத்து ஆள் எத்தனை பாயிண்ட் எடுத்தார்?

சரி, அந்தப் பட்டியல். எந்தக் குரூப், யார் போட்டது, கீழே யார் யார் கும்மியடித்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எல்லாக் காலத்துக்குமான பத்து பைக் ரேஸர்கள். உலகப் பட்டங்களை எண்ணி மேலிருந்து கீழே அடுக்கி, சுற்றிலும் தங்கக் கலரில் ஒரு பார்டர். அதில் ஆஸ்திரேலியாக்காரர் கேசி ஸ்டோனர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "ரெண்டு கப்புக்கெல்லாம் சீட் கிடையாது அண்ணே" என்றார் ஒரு தம்பி. அதுகூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே இன்னொருத்தர், "யாரு, பால் ஒத்துக்கலன்னு ஓடிப்போனாரே, அவரா?" என்று கேட்டு, வரிசையாகச் சிரிப்பு பொம்மை. அதற்கு எத்தனை லைக் என்று பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பட்டத்தை எண்ணுவது சுலபமான வேலை. விரல் இருந்தால் போதும், ரேஸ் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பைக் ரேஸின் உச்சப் பிரிவான மோட்டோஜிபி என்பது நூறு மீட்டர் ஓட்டம் இல்லையே. ஆளுக்கு அடியில் ஒரு இயந்திரம் இருக்கிறது. இன்ஜின், சேஸி, டயர், பின்னால் நிற்கும் இன்ஜினியர்கள், கம்பெனி கொட்டும் பணம், எல்லாம் சேர்ந்துதான் கப்பைத் தூக்குகின்றன. இதையெல்லாம் கழித்துவிட்டு ஓட்டினவரை மட்டும் எடைபோட எனக்குத் தெரிந்து ஒரே கேள்விதான் உண்டு. அதே டீமில், அதே பைக்கில், அதே டயரில், பக்கத்து ஆள் என்ன செய்தார்?

2007ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோனர் மோட்டோஜிபிக்கு வந்து ஒரே வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் விழுந்து விழுந்து 'ரோலிங் ஸ்டோனர்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தார். டுகாட்டி கம்பெனி அவரை எடுத்தபோது சிரித்தவர்கள்தான் அதிகம். அந்த சீசனில் 10 வெற்றி, 367 பாயிண்ட். இரண்டாமிடம் வந்த பெட்ரோசா 242, மூன்றாமிடம் வந்த ரோஸி 241. மோட்டோஜிபியில் டுகாட்டிக்கு அதுதான் முதல் ரைடர் பட்டம். அடுத்ததற்கு 2022 வரை காத்திருந்தார்கள். இப்போது என் கேள்வி. பக்கத்து ஆள் யார்? லோரிஸ் கப்பிரோசி. சின்னப் பிரிவுகளில் மூன்று உலகப் பட்டம் வாங்கியவர், முந்தைய வருஷம் இதே டீமில் ஒட்டுமொத்தத்தில் மூன்றாமிடம் பிடித்தவர். 2007இல் அவர் எடுத்தது 166 பாயிண்ட். ஏழாமிடம்.

உடனே வருவார்கள், "அது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வாங்கிக் கொடுத்த கப்" என்று. கப்பிரோசிக்கு மட்டும் என்ன மாட்டியிருந்தார்கள், மாட்டுவண்டிச் சக்கரமா? அதே பிரிட்ஜ்ஸ்டோன்தான் ஐயா. 2008இல் ரோஸியும் மிஷெலினை விட்டு பிரிட்ஜ்ஸ்டோனுக்கு மாறிப் பட்டம் வாங்கினார். அதை டயர் கொடுத்த கப் என்று யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை. அது மேதைமை. இது டயர்.

அந்த 2007 பட்டம் முடிவான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செப்டம்பர் 23, ஜப்பானின் மோட்டெகி. நான் அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மறுநாள் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இந்தியா பாகிஸ்தான். மேன்ஷன் முழுக்க அதே பேச்சு. ஹாலில் இருந்த ஒரே டிவியில் பைக் ரேஸ் பார்க்க வேண்டும் என்று கெஞ்சினவன் நான் ஒருவன்தான். "அதுல என்னப்பா இருக்கு, சுத்திச் சுத்தித்தானே வர்றானுங்க" என்று கேலி பண்ணிக்கொண்டே ரிமோட்டைக் கொடுத்த அண்ணன் இப்போது எங்கே இருக்கிறாரோ. ஈரம் பாதி, காய்ந்தது பாதியாக இருந்த டிராக்கில் ஸ்டோனர் ஆறாவதாக வந்தார், பட்டத்துக்கு அது போதும். அன்றைக்கு ரேஸை ஜெயித்தது கப்பிரோசி. பார்த்தீர்களா, பக்கத்து ஆள் ஜெயித்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அந்த ஒன்றுதான்.

2008இல் பக்கத்து ஆள் மாறினார். மார்கோ மெலாண்ட்ரி, 2005இல் ஹோண்டாவில் உலகத்திலேயே இரண்டாவதாக வந்தவர். டுகாட்டியில் ஏறியதும் 17ஆவது இடம், 51 பாயிண்ட். ஸ்டோனர் 6 ரேஸ் ஜெயித்து 280 பாயிண்ட்டோடு இரண்டாமிடம். 2009இல் நிக்கி ஹேடன் வந்தார், 2006இன் உலக சாம்பியன். 104 பாயிண்ட், 13ஆவது இடம். மூன்று ரேஸுக்கு வராமலே ஸ்டோனர் 220. யாரும் ஊருக்கு இளைத்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ ஒரு பிரிவில் எல்லோரும் சாம்பியன்கள். அந்த பைக்கில் ஏறியதும் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை.

அப்புறம் 2011. ஸ்டோனர் ஹோண்டாவுக்குப் போகிறார், காலியான சீட்டில் வாலண்டினோ ரோஸியே வந்து உட்காருகிறார். ஒன்பது உலகப் பட்டம் வாங்கியவர். ஸ்டோனரால் முடியாததை நான் செய்து காட்டுகிறேன் என்கிற மாதிரிதான் ஊரெல்லாம் பேச்சு. முதல் வருஷம் 139 பாயிண்ட், அடுத்த வருஷம் 163. வெற்றி எத்தனை? பூஜ்யம். ஸ்டோனர் கடைசியாக ஓட்டிய 2010இல், மோசமான வருஷம் என்று அவரே நொந்துகொண்ட வருஷத்தில், மூன்று ரேஸ் ஜெயித்து 225 எடுத்திருந்தார். அவர் இறங்கிப் போன பிறகு டுகாட்டி அடுத்த ரேஸை ஜெயித்தது 2016இல், ஆஸ்திரியாவில். கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஒரு கம்பெனியே காத்துக் கிடந்தது.

ரோஸிக்குத் தோள்பட்டை ஆபரேஷன் என்பார்கள். 2011 ஆரம்பத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். 2012க்கு எந்தத் தோள்பட்டை?

நான் ரோஸியை வெறுக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். என் கேள்வியை ரோஸிக்கும் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். 2003 முழுக்க யமஹா ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை, முதல் மூன்று இடத்துக்குள் வந்து போடியம் ஏறியதே ஒரு தடவைதான். ஜெயித்துக்கொண்டிருந்த ஹோண்டாவை உதறிவிட்டு அந்த யமஹாவில் ஏறி, 2004இல் தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் முதல் ரேஸே மேக்ஸ் பியாஜி என்பவரோடு சண்டை போட்டு ஜெயித்தார். அந்த வருஷம் மொத்தம் 9 வெற்றி. பக்கத்தில் ஓட்டின செகா 117 பாயிண்ட், ரோஸி 304. இதற்கு எழுந்து நின்று கைதட்டாதவன் ரேஸ் ரசிகனே இல்லை. மார்க் மார்க்கெஸுக்கும் வைத்துப் பாருங்கள். 2019இல் ஹோண்டாவில் 420 பாயிண்ட். பக்கத்து ஆள் மூன்று முறை மோட்டோஜிபி சாம்பியன் லொரென்சோ, அவர் 28. அடிபட்டு சில ரேஸ் ஓட்டவில்லைதான், இருந்தாலும் 28. 2025இல் டுகாட்டியில் மார்க்கெஸ் 545, அதே கராஜில் இரண்டு பட்டம் வாங்கிய பன்யாயா 288.

அகோஸ்டினிதான் உங்கள் பட்டியலில் முதலிடம், 15 பட்டம். மறுக்கவில்லை. ஆனால் 1967 முடிந்ததும் ஹோண்டா விலகிவிட்டது. 1968இல் அன்றைய உச்சப் பிரிவான 500 சிசியில் நடந்த 10 ரேஸில் 10ஐயும் அகோஸ்டினி ஜெயித்தார். எதிரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில் பழைய ஒற்றை சிலிண்டர் நார்ட்டனும் மேட்ச்லெஸ்ஸும் ஓட்டினவர்கள். அந்தப் பத்தைவிட, வேறு கம்பெனிக்குப் போய் யமஹாவின் டூ ஸ்ட்ரோக்கில் 1975இல் அவர் வாங்கிய ஒரு பட்டம் எனக்குப் பெரிசு. இதை அந்தக் குரூப்பில் சொன்னால் "அகோஸ்டினியையே குறை சொல்றியா" என்பார்கள். கணக்குக் கேட்டால் குறையாகிவிடுகிறது.

"நீடித்து நிற்கணும் சார், ரோஸி 26 சீசன் ஓட்டினாரே" என்பது இன்னொரு வாதம். கடைசி வெற்றி 2017, நெதர்லாந்தின் ஆஸ்ஸன். அதற்குப் பிறகு நாலரை வருஷம் என்ன ஓட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பெயர் போட்ட மஞ்சள் தொப்பி விற்பனை நன்றாக நடந்தது.

எண்களை விடுங்கள். ஸ்டோனர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் மூன்றாவது வளைவு, இடதுபக்கம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் எடுக்கும் வளைவு. மற்றவர்கள் பைக்கைச் சாய்த்து, அது ஒழுங்காகப் போகட்டும் என்று அதன்மேல் படுத்துக்கொண்டு போவார்கள். இவர் முறுக்குகிற முறுக்கில் பின் சக்கரம் வழுக்கி வெளியே தள்ளும், தரையில் கறுப்பாக ஒரு கோடு விழும், முன் சக்கரம் வேறொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலை மட்டும் ஆடாது. நாலு வயசிலிருந்து மண் டிராக்கில் ஓட்டி வந்த பழக்கம். 2007இலிருந்து 2012 வரை ஆறு வருஷமும் அந்த டிராக்கில் அவர்தான் ஜெயித்தார், டுகாட்டியில் நாலு, ஹோண்டாவில் இரண்டு. அந்த வளைவுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். உங்கள் பத்தில் இடமில்லை.

இனி பால் விஷயம்.

2009 நடுவில் ஸ்டோனர் திடீரென்று ஓய ஆரம்பித்தார். பாதி ரேஸிலேயே உடம்பில் தெம்பு இருக்காது, முடிந்ததும் நிற்க முடியாது. டாக்டர்கள் டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. பிர்னோ, இண்டியானாபொலிஸ், மிசானோ மூன்று ரேஸுக்கும் போகாமல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டார்கள். மனசுதான் உடைந்துவிட்டது, ரோஸியைப் பார்த்துப் பயம், இனி திரும்ப மாட்டார். கடைசியில் பாலில் இருக்கும் லாக்டோஸ் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்தார்கள். திரும்பி வந்து எஸ்டோரிலில் இரண்டாமிடம், பிலிப் ஐலண்டில் வெற்றி, மலேசியாவில் வெற்றி. ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, தீராத களைப்பு நோயோடு போராடுவதாக அவரே வெளியில் சொன்னார். சோபாவை விட்டு எழுந்திருக்கவே முடியாத நாட்கள் பற்றிப் பேசினார். இதற்குத்தான் உங்கள் சிரிப்பு பொம்மை.

மிக் டூஹனின் கால் 1992இல் ஆஸ்ஸனில் உடைந்தது. அதை வெட்டியே ஆக வேண்டும் என்ற நிலைமை. டாக்டர் கோஸ்டா இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றினார். அந்தக் காலோடு திரும்பி வந்து 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டம். அவர் உங்கள் பட்டியலில் இருக்கிறார், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வலிக்குப் போட்டோ இருந்தது. எக்ஸ்ரே இருந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தால் எல்லோருக்கும் கண் கலங்கும். எக்ஸ்ரேயில் தெரியாத நோய் என்றால் நடிப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சிக்குன்குனியா வந்து காய்ச்சல் விட்ட பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலியோடு கிடந்தவன் நான். காலையில் விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இடுக்கித் தூக்கிக் குடிப்பேன். வண்டிச் சாவியைத் திருகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கிறேன். அப்போது வேலை பார்த்த இடத்தில் ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லி நின்றபோது, மேலே இருந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். சர்டிஃபிகேட் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதைப் படிக்கக்கூட இல்லை, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் செருகினார். வலிகூட மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

"உன் மூட்டு வலிக்கும் மோட்டோஜிபிக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று யாராவது கேட்பார்கள். எனக்கு இருக்கிறது. உங்களுக்கு இல்லாவிட்டால் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் அந்த 'ஓடிப்போனவர்'. 2012 மே மாதம், லெ மானில், இந்த சீசனோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னபோது அவர் நடப்புச் சாம்பியன். ஹோண்டா விடவே மனமில்லாமல் இருந்தது. அந்த பிப்ரவரியில்தான் மகள் பிறந்திருந்தாள். பயந்து ஓடுகிறவர் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருக்க வேண்டாமா? ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் தகுதிச்சுற்றில் தூக்கி வீசப்பட்டுக் கணுக்காலில் எலும்பு உடைந்தது. மறுநாள் அதே காலோடு ரேஸ் ஓட்டி நான்காவதாக வந்தார். அதற்குப் பிறகுதான் ஆபரேஷன், மூன்று ரேஸ் போயிற்று, பட்டமும் போயிற்று. அக்டோபரில் பிலிப் ஐலண்டுக்கு வந்து மறுபடி ஜெயித்தார். 27 வயசு. அந்த சீசனோடு வீட்டுக்குப் போனார். 42 வயசு வரை ஓட்டினால் அர்ப்பணிப்பு, 27இல் நிறுத்தினால் கோழைத்தனம். எந்த ஊர் நியாயம் இது?

சரி, கடைசியாக, "அப்போ ஸ்டோனர்தான் நம்பர் ஒன்னா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு. நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் கணக்குப்படி முதலிடம் மார்க்கெஸ். 2020இல் கை உடைந்து, நாலு ஆபரேஷன் ஆகி, வேறு கம்பெனிக்கு மாறி, 2025இல் மறுபடி பட்டம் வாங்கியவருக்கு முன்னால் நான் யாரையும் நிறுத்த மாட்டேன். இரண்டாமிடம் ஸ்டோனர். ரோஸிக்கு 2004க்காக மூன்றாமிடம், அதுவும் பெரிய மனசு பண்ணித்தான். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது 2011, 2012 பாயிண்ட் டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, டுகாட்டி எத்தனாவது வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.