ஒரே தீவில் காடும் வறள்நிலமும் பனியும் சாத்தியம்தான்
கதைக்காக உருவாக்கும் கற்பனை உலகமே ஆனாலும் ஒரே தீவில் மழைக்காடு, வறண்ட நிலம், பனிமலை மூன்றையும் வைப்பது இயற்கைக்கு ஒவ்வாது என்று சிலர் சொல்வது சரியல்ல. பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில் மூன்றுமே இருக்கின்றன. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் உள்ள ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மறுபக்கம் கவாய்ஹேயில் 250 மி.மீ. தேறினால் அதிகம், கறுத்த எரிமலைப் பாறை, இடையிடையே காய்ந்த புல். நடுவே 4,207 மீட்டர் உயர மௌனா கீயா மலையின் உச்சியில் குளிர்காலத்தில் பனி விழும்.

அதற்காக எதையும் எங்கேயும் வைத்துவிட முடியாதுதான். ஆனால் புதிதாகக் கதை எழுதுகிறவர்கள், மூன்றும் ஒரே தீவில் சேராது என்ற கருத்தை நம்பித் தங்கள் கற்பனைத் தீவின் வரைபடத்தைக் கிழித்துவிட வேண்டாம். காற்று வரும் திசையை முதலில் முடிவு செய்யுங்கள், காட்டுக்கும் வறள்நிலத்துக்கும் அப்புறம் இடம் குறிக்கலாம்.