உண்மை விளக்கம்: கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி கல்லூரியில் உதவித்தொகை இல்லாமலா ஆடினார்?

'உதவித்தொகையின்றி டேவிட்சன் கல்லூரி அணிக்குள் நுழைந்த கரி, இறுதியாண்டில் கேப்டனானார்' என்ற வாட்ஸ்அப் செய்தி தவறானது.

உதவித்தொகை இல்லாத இடத்தை அவருக்குத் தர முன்வந்தது, அவருடைய தந்தை டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். கரி அதை ஏற்கவில்லை. 2006இல் டேவிட்சனில் சேர்ந்தபோது உதவித்தொகையோடுதான் சேர்ந்தார். ஒல்லியான அந்தப் பையனை நம்பியவர் பயிற்சியாளர் பாப் மெக்கிலப். இறுதியாண்டிலோ அவர் டேவிட்சனுக்காக ஆடவே இல்லை. மூன்று பருவங்களுக்குப் பின், 2009இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் புதுவீரர் தேர்வில் கோல்டன் ஸ்டேட் அணி ஏழாவது தேர்வாக அவரை எடுத்துக்கொண்டது. கல்லூரிப் பட்டப்படிப்பை 2022இல்தான் முடித்தார்.

உதவித்தொகையின்றி நுழைந்து உயர்ந்த கார்டு (கரியைப் போன்ற பின்வரிசை ஆட்டக்காரர்) வேண்டுமென்றால், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹார்னசெக் இருக்கிறாரே!

டேவிட்சன் கல்லூரி, என்பிஏ இணையதளங்களில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.