எலி மூளைக்கு ரிமோட்டாம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தார். காந்தத்தை வைத்து எலியின் மூளையை இயக்கிவிட்டார்களாம், அடுத்தது நாம்தானாம், செல்போன் டவர் பக்கமே போகக் கூடாதாம். கீழே மூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். இதில் பாதி உண்மை. அந்தப் பாதி, டவர் பயத்தைவிட ரொம்ப சுவாரசியமானது.

தென் கொரியாவில் ஜின்வூ சோன் குழு 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வுதான் அது. குட்டியே போடாத பெண் சுண்டெலிகள். சுழலும் காந்தப்புலத்தை ஓடவிட்டதும், யாரோ பெற்ற குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து கூட்டில் சேர்த்தன, பெற்ற தாய் மாதிரியே. மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஒரு வகை செல்லைத் தூண்டினால் சாப்பாடு இரண்டு மடங்கானது. இன்னொரு வகையைத் தூண்டினால் பாதிக்கும் கீழே போனது.

ஆனால் சாதாரண மூளை செல் இப்படிக் காந்தத்துக்கு ஆடாது. போன வருடம் முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரை மணி நேரம் படுத்திருந்தேன். அந்தத் தடதட சத்தம்தான் உயிரை எடுத்ததே தவிர, என் எண்ணம் ஒன்றும் மாறவில்லை. (தலையில் கம்பிச் சுருளை வைத்து, சட்டென மாறும் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை உண்டு. அது வேறு கதை, அதில் ஒரு வகை செல்லை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது.) அதனால் எலிக்கு முதலில் இரண்டு வேலை செய்கிறார்கள். வைரஸை வண்டியாக்கி, வேண்டிய செல்லுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து, செல்லின் மேல்சவ்வில் புதிதாக ஒரு கதவு முளைக்க வைக்கிறார்கள். பிறகு காந்தத் துகள்களை மூளைக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். கொரியர்கள் வைத்த கதவின் பெயர் பியசோ1. இழுத்தால் திறக்கும். துகள் காந்தத்தோடு திரும்பும்போது கதவை இழுக்கிறது, கதவு திறந்தால் செல் தூண்டப்படுகிறது.

இதற்கு முன்பே வேறொரு கதவை வைத்துச் செய்தவர்கள் உண்டு. 2010இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆர்ன்ட் பிராலே, 2015இல் எம்.ஐ.டி.யில் பொலினா அனிகீவா. அவர்கள் எடுத்தது டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி சூட்டில் திறப்பது. பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறதே, அதுவும் இதே கதவு திறப்பதால்தான். வேகமாகத் திசை மாறும் காந்தப்புலத்தில் துகள் சூடாகிறது, கதவு திறக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் மட்டும் சூடாகிற மாதிரி. இந்த இரண்டு கதவுகளையும் கண்டுபிடித்தவர்கள்தான் 2021இல் மருத்துவ நோபலைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் 2016இல் வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, துகளே வேண்டாம், உடம்பில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தைக் கதவோடு ஒட்டினால் போதும் என்றது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வருமே, அதே ஃபெரிட்டின். எலிகள் காந்தம் உள்ள பக்கம் போய் உட்கார்ந்தன. அதற்கு வைத்த பெயர் மேக்னிட்டோ, சினிமா வில்லன் பெயர். செய்தி பறக்காமல் இருக்குமா?

அதே வருடம் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் மைஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். புது எலி இல்லை, புதுக் கருவி இல்லை. இயற்பியல் பாடத்தில் வருகிற கணக்குதான். ஃபெரிட்டினில் உள்ள இரும்பு மேல் அந்தக் காந்தம் காட்டும் விசையும் சூடும், கதவைத் திறக்கத் தேவையானதைவிட ஒரு லட்சம் மடங்கிலிருந்து ஆயிரம் கோடி மடங்குவரை குறைவு என்று வந்தது. மடங்கைக் கவனியுங்கள், கொஞ்சநஞ்சம் தள்ளுபடி பண்ணிச் சரிக்கட்டுகிற குறை இல்லை. 2020இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக அதே மேக்னிட்டோவைச் செய்து பார்த்து, எங்களுக்கு வரவில்லை என்று எழுதின. வர்ஜீனியா குழுவும் பதில் எழுதியது. எனக்கென்னவோ மைஸ்டர் கணக்கைத் தாண்டி அந்தப் பதிலை நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம் என்னவென்றால், 'வேலை செய்தது' என்ற செய்தி நம் அத்தைகள்வரை வந்துவிட்டது, 'வேலை செய்யவில்லை' என்ற செய்தி வரவே இல்லை. துகள் போட்டுச் செய்வதும் ஃபெரிட்டின் கதையும் ஒரே தலைப்பில் கலந்து கிடக்கின்றன.

அத்தைக்கு இதையெல்லாம் எழுதவில்லை. "டவரால ஒண்ணும் ஆகாது அத்தை, முதல்ல யாராவது உங்க மண்டையில ஊசி போடணும்" என்று மட்டும் போட்டேன். கொரியர்கள் சொன்னதை, அவர்களோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்வகம் வேறு எலிகளில் செய்து காட்டிய கட்டுரை யார் கண்ணிலாவது பட்டால் அனுப்புங்கள். குடும்பக் குழுவில் நானே ஃபார்வர்ட் பண்ணுகிறேன்.