ஆள் இல்லையாம்!

வீட்டுக்கு வந்தார்களாம். கதவைத் தட்டினார்களாம். ஆள் இல்லை என்று பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். நேற்று மத்தியானம் போனில் வந்து விழுந்த மெசேஜ் இது.

நேற்று கப்பலே ஓடவில்லை! காற்று அதிகம் என்று காலையிலேயே ரத்து செய்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துக் கரையில் இருக்கும் மாலெய்க் துறைமுகத்திலிருந்து நாங்கள் குடியிருக்கும் எக் தீவுக்குப் பாலமா இருக்கிறது? எந்த வேன் வந்தது? எந்தக் கதவை எவன் தட்டினான்? வெளியூர் வண்டியை அனுமதி வாங்காமல் இந்தத் தீவில் இறக்கவே முடியாது. இங்கே இருப்பது மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர். புதுமுகம் ஒன்று இறங்கினால், துறைக்கடையைத் தாண்டுவதற்குள் தீவின் மறுகோடியில் இருக்கும் கிளீடேல் வரைக்கும் சேதி போய்விடும். இங்கே வந்து இந்தப் பொய்யா?

வரவேண்டியது ஒரு வாஷிங் மெஷின் பெல்ட். கறுப்பு ரப்பர், சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் தபால்காரரே கொண்டுவந்து கொடுத்திருப்பார். லண்டனுக்கு என்ன ஸ்டாம்போ அதே ஸ்டாம்ப்தான் எங்களுக்கும்; தூரம் பார்த்துத் தபாலுக்குக் காசு வாங்கும் வழக்கத்தை 1840-லேயே ஒழித்துவிட்டார்கள். இந்தக் கடைக்காரன் மட்டும் “பிரிட்டன் முழுக்க இலவச டெலிவரி” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பிஎச்42 என்று எங்கள் போஸ்ட்கோடு அடித்ததும் பெல்ட் விலையைவிட அதிகமாக டெலிவரிக்குக் கேட்கிறான். வேறு வழியில்லாமல் கட்டித் தொலைத்தேன்.

சரி, கூரியர்காரர்களுக்குப் போன் போட்டேன்.

“டிரைவர் வந்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது, மேடம்.”

கப்பல் இல்லாமல் கடலை எப்படித் தாண்டினார் என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது.

“பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லவா?”

அம்மா தாயே, பக்கத்து வீட்டுக்கும் அதே கடலைத்தான் தாண்ட வேண்டும்! மறுபடி பாட்டு. அப்புறம் சொன்னார் பாருங்கள்: “இன்வர்னஸ் டிப்போவுக்கு நீங்களே வந்து வாங்கிக்கொள்ளலாம்.” கப்பலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், கரையேறி ரோட்டில் இன்னும் மூன்று மணி நேரம், ராத்திரி தங்க ரூம் வாடகை. எதற்கு? ஒரு ரப்பர் பெல்ட்டுக்கு!

தீவில் போய்க் குடியிருந்தால் இதெல்லாம் சகஜம்தானே என்று யாரும் வராதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். நில முதலாளிகள் கையில் மாறி மாறிச் சீரழிந்த தீவை, ஊர் ஊராகப் பணம் திரட்டி 1997-ல் மீட்டவர்கள் இந்த ஜனங்கள். நிலப்பகுதியிலிருந்து கரண்ட் இழுத்து வரக் கட்டுப்படியாகாது என்றதும், 2008-ல் காற்று, ஓடைத் தண்ணீர், வெயில் மூன்றையும் வைத்துத் தாங்களே கரண்ட் தயாரித்துக்கொண்டார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. மெஷின் ஓடும்போது கெட்டிலைப் போடலாமா என்று யோசித்துத்தான் போடுகிறோம், யாரும் முணுமுணுப்பதில்லை. என் மெஷின் படுத்ததிலிருந்து எங்கள் வீட்டுத் துணி பக்கத்து வீட்டில்தான் துவைகிறது. கேட்கக்கூட இல்லை, வாசலில் இருந்த கூடையை அவராகவே தூக்கிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட மனுஷர்களைப் பார்த்து “ஆள் இல்லை” என்று எழுதக் கை கூசாதா?

நிலப்பகுதிக்காரர்களுக்குத் தீவு என்றாலே இளக்காரம்தான். ஸ்காட்லாந்தின் இன்னொரு தீவான அர்ரனுக்கென்று கட்டிய கிளென் சானக்ஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஸ்காட்லாந்து முதல் மந்திரியைக் கூப்பிட்டு, விழா எடுத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். ஜன்னல் வைத்து முடிக்காமலே, ஜன்னல் மாதிரி பெயின்ட் அடித்து இறக்கினார்கள்! அது ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது 2025 ஜனவரியில். ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷமும் பழைய கப்பல் எப்போது மக்கர் பண்ணுமோ என்று கரையில் நின்ற அர்ரன்காரர்களுக்கு யார் பதில் சொன்னது?